வயிற்றுக்குள் ஓர் அடையாள அட்டை

யுத்த காலம். பன்விலவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, நிறைமாதம். பக்கத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்; பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாராம்.

"பிள்ளை உங்கட உடம்புக்குப் பாதி அந்நியன், தங்கச்சி."

"என்னங்க டீச்சர், அப்புடிச் சொல்றீங்க?"

"பாதி தகப்பன்ர தானே. கருப்பையில, அந்நியரைக் கொல்லுற 'கொல்லிக் கலங்கள்' எண்ட செல்லுகள் காவல் நிக்கும். பிள்ளையின்ர நஞ்சுக்கொடிக் கலங்கள் எச்.எல்.ஏ.-ஜி எண்டொரு மூலக்கூறை அடையாள அட்டை மாதிரிக் காட்டும். அதைக் கண்டா அதுகள் ஒண்டும் செய்யாமல் விட்டிடும்."

"புள்ள அட்டையோட வருதா! எனக்கே இன்னும் அட்டை வரலைங்க. எழுதிக் குடுத்து ரெண்டு வருசமாச்சு."

செக்பொயின்ட் வந்தது. எல்லோரும் அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கினோம். அவளும் பயந்து பயந்து எழுந்தாள். வாசலில் ஏறிய சிப்பாய் அவள் வயிற்றைப் பார்த்தான். உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

நாங்கள் திரும்பி ஏறியபோது அவள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அட்டை கேட்டவங்களோ, தங்கச்சி?"

"இல்லைங்க டீச்சர்," என்றவள் குனிந்தாள். "நீ நல்லா இருக்கணும் தங்கம். அம்மாவுக்கும் சேத்து நீயே காட்டிட்ட."