எழுபத்திரண்டு கிலோ வெல்லம்

செவந்திய நான் கடைசியா உசுரோட பாத்தப்ப என்ன சொன்னா தெரியுமா சிஸ்டர்? பொண்டாட்டி சொல்ற பேச்சா அது! ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, ‘வெயிட்டு மட்டும் ஏறிறாதீங்க, வெல்லம் பத்தாது’ன்னா. மறுநா போயிட்டா.

எந்த வெல்லமா? போன வருசம் எனக்கு நெஞ்சு வலி வந்துச்சுல்ல... எம் புருசன் பொழச்சு வந்தா எடைக்கு எடை வெல்லம் தாரேன்னு மாரியம்மன்கிட்ட வேண்டிட்டா. தராசுல ஒரு தட்டுல நான், மறு தட்டுல வெல்லம். என்னயக் கேட்டாளா? நான் அப்ப எழுவத்திரெண்டு. கடைத்தெரு பூரா அலைஞ்சு, ஒவ்வொரு உருண்டையா மோந்து பாத்து, சரியா எழுவத்திரெண்டு கிலோ வாங்கி இந்த டிரம்முல அடுக்குனா. அப்பறம் காச்சல்ல படுத்தவதான். வார வெள்ளிக்கெழம வேண்டுதல். மக பிரகதீஸ்வரி திருச்சிலேருந்து வருது.

இப்பப் போயி ஒங்க மிஷினு எழுவத்தொம்பதுங்குதே! தரை கோணல் சிஸ்டர், இங்கிட்டு வச்சுப் பாருங்க... இங்கிட்டும் அதேதானா? எல்லாம் ஒங்க டாக்டரு குடுத்த மாத்திர. ஆள ஊத வைக்கிது. நடக்கச் சொன்னாரு, நடந்தேன். நடந்தா பசிக்கிது. அதுக்கு அவரா வந்து ஒல வைப்பாரு?

விரல்ல மெதுவாக் குத்துங்க... ஸ்ஸ்! எம்புட்டு? முந்நூத்தி இருவதா! சத்தியமா டீயில சீனி கெடயாது. எதுத்த டீக்கடை குழந்தைசாமியக் கேட்டுப் பாருங்க.

ஏன் டிரம்மையே பாக்குறீங்க? ஆமா, மூடி தொறந்துதான் கெடக்கு. சாமிக்குப் போற பொருளு, கெட்டுப் போச்சான்னு பாக்க வேணாமா? சாயங்காலம் ஒரு துண்டு எடுத்து, மோந்து... அப்பறம் வாயில... அம்புட்டுதான். அந்நேரத்துக்கு வீட்டுல பேச ஆளு இல்ல சிஸ்டர். தெனமும் ஒரு துண்டுதான். பெரிய துண்டுன்னு வையிங்க.

சிரிக்காதீங்க! மக முன்னால தராசுல ஒக்காரணும். நான் ஒக்காந்த தட்டு தரைய விட்டு எந்திரிக்காதே! கடைல வாங்கி நெரப்பிறலாம்தான். அம்மன் மன்னிச்சிரும். செவந்தி விட மாட்டா. அவ மோந்து பாக்காத வெல்லம்ல?

என்ன, அதுக்குள்ள பையத் தூக்கிட்டீங்க? சிஸ்டர்... சிஸ்டர்! போறப்ப அந்த மூடிய எனக்குத் தொறக்க வராத அளவுக்கு இறுக்கிட்டுப் போங்க.

நேத்துதான் வெல்லத்த நிறுத்துப் பாத்தேன். அறுவத்தோரு கிலோ இருக்கு.