கதவு திறந்திருக்கும் நேரம்

— அண்ணே, சத்தம் போடாம முடிச்சிடுங்க. லிஃப்ட் கதவு முன்ன எவ்வளவு நேரம் திறந்து நின்னுச்சோ, அதே அளவுக்கு வச்சிட்டாப் போதும்.

— மோட்டார் ரூம்ல சத்தம் போடாம எப்படி சார் வேலை பாக்கறது? மொட்டை மாடியில இருக்கோம். யார் காதுல விழப்போகுது?

— எங்கக்கா காதுல விழக்கூடாது.

— கேளுங்க சார். போன மாசம் நீங்கதான் என்னை இதே ரூமுக்குக் கூட்டிட்டு வந்து, "கதவு மூட யுகமா ஆகுது, சட்டுனு மூடற மாதிரி பண்ணுங்க"ன்னீங்க. பண்ணேன். நம்ம லிஃப்ட் பொட்டிக்கு என்ன, சொன்னபடி ஆடும். இப்ப ஏன் திரும்பப் பழைய மாதிரி?

— காலையில ஆள் ஏறி முடிச்சப்புறமும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும்ணே. எனக்கு பஸ் போயிடும். அந்த எரிச்சல்ல சொன்னது. அதாவது... அக்காவோட வீல்சேர் எனக்கு அப்ப ஞாபகமே வரல.

— ஒரே வீட்ல இருந்துக்கிட்டா?

— ஒரே வீட்லதான். கையால உருட்டற சாதா வீல்சேர், ராத்திரி என் செருப்புக்குப் பக்கத்துலதான் நிக்கும். தினம் அதைத் தாண்டித்தான் வெளிய வரேன். அப்படியும் ஞாபகம் வரல.

— ம். அப்புறம்?

— அவ உள்ள போறதுக்குள்ள கதவு வந்து சக்கரத்துல இடிக்குது. பின்னால வாங்கினா மூடிக்குது. நாலு தடவை பாத்துட்டு லீவு போட்டுட்டா. ரெண்டு வாரமா வாசப்படி தாண்டல.

— கதவு மாறிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லலையா?

— அவ கதவைச் சொல்லல. தன் கையைச் சொன்னா. "கையில பலம் போயிடுச்சுடா, முன்ன மாதிரி உருட்ட முடியல"ன்னா. காலையில எந்திரிச்சா ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டே உக்காந்திருக்கா. நான் எதிர்ல உக்காந்து ஷூவுக்கு லேஸ் கட்டறேன். அவ பந்தை அமுக்க அமுக்க, நான் குனிஞ்ச தலை நிமிராம கட்டின முடிச்சையே அவுத்து அவுத்துக் கட்டறேன்.

— அப்பவும் வாயைத் திறக்கல நீங்க.

— நேத்து கேட்டா, "வேலையை விட்டுடட்டுமா?"ன்னு. டாக்ஸி கம்பெனியில போன்ல வண்டி அனுப்பற வேலை. அவ அதட்டினாத்தான் டிரைவருங்களுக்கே பொழுது விடியும். அவகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிக்கா, முடியலன்னா வீட்ல இரு"ன்னேன்.

— அடப்பாவி மனுஷா!

— திட்டுங்கண்ணே, நல்லாத் திட்டுங்க. எதிர்வீட்டம்மா விசாரிச்சப்போ, "அவ மாற்றுத்திறனாளி இல்லையா, போகப் போக அப்படித்தான்"னுட்டு வந்தேன். மரியாதையான வார்த்தைதானே. நாக்கு கூசவே இல்ல.

— கேளுங்க சார். எங்கப்பா காலத்துல நொண்டின்னாங்க. அப்புறம் ஊனமுற்றோர்னாங்க. இப்ப நீங்க சொல்ற பேரு. பேரு நல்லாயிட்டேதான் வருது. ஆனா போன மாசம் வரைக்கும் இந்த பில்டிங்ல உங்கக்காவை என்னன்னு சொல்லுவாங்க?

— டாக்ஸி மேடம்னு.

— ஆங். நாம கதவுல ரெண்டு செகண்டைப் பிடுங்கினோம், அந்தப் பேரு போயி இந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. உங்களை மட்டும் சொல்லல. அவங்க ஏறி இறங்கறதை நான் பாத்ததில்லையா? பாத்திருக்கேன். நீங்க கேட்டீங்க, நானும் யோசிக்காம திருகிட்டுப் போயிட்டேன்.

— இப்ப மாத்திடுங்கண்ணே. அவ கேட்டா, ஏதோ தேஞ்சு கெடந்துச்சு, புதுசு போட்டேன்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— அது நடக்காது சார். கதவு இடிச்ச அன்னிக்கே உங்கக்கா எனக்குப் போன் போட்டுட்டாங்க. "யார் சொல்லி நேரத்தைக் குறைச்சீங்க?"ன்னாங்க. மறைக்கத் தெரியல, சொல்லிட்டேன்.

— அன்னிக்கேவா? அப்போ கை... அந்தப் பந்து...

— கைக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. உடனே வந்து மாத்தித் தரேன்னேன். "வேண்டாம், குறைக்கச் சொன்னவன் வாயாலயே வரட்டும்"னாங்க.

— ரெண்டு வாரம்... என் எதிர்லயே உக்காந்து...

— சரி விடுங்க, இப்பத்தான் உங்க வாயால வந்துடுச்சே. திருகிடறேன். கதவை டெஸ்ட் பண்ண லிஃப்டுக்குள்ள ஒருத்தரை உக்கார வச்சிருக்கேன். இந்த இன்டர்காம் நீங்க வந்ததுலேர்ந்து ஆன்லதான் இருக்கு. ஹலோ, கேக்குதாம்மா? மாத்திடட்டுமா?

— மாத்தாதீங்க மெக்கானிக்.

— அக்கா!

— அவன் உங்ககிட்டதான் சொல்லியிருக்கான். எங்கிட்ட இன்னும் சொல்லலையே.