நாவில் ஒரு துளி நண்டுக்குழம்பு

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் அதிபர் கோணாமலை ஐயா அவர்களே! அருகமர்ந்த ஆன்றோரே, அருட்தந்தையே, ஆலயப் பெரியோரே! மாங்கேணியிலிருந்து மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த மீனவ உறவுகளே! பழுகாமத்து வட்டையில் வயல் வேலையை விட்டுவிட்டு வந்த வேளாண்மைத் தோழர்களே! பிள்ளையை இடுப்பில் இருத்தியபடி பின்வரிசையில் நிற்கும் பெற்ற தாய்மாரே! அனைவருக்கும் இந்த அஜந்தாவின் அன்பு வணக்கம்.

குணமாக்க முடியாத நோயோடு வருவோரைக் கடைசி மூச்சுவரை தாங்கும் நம் செங்கலடி ஆறுதல் இல்லத்தில் நான் ஒரு தாதி. சென்ற வாரம் நிருவாகக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “சாகப்போற ஆளுக்கு இத்தன பேரா? ஒரு டொக்டரும் ஒரு தாதியும் காணாதா?” கேட்டதோடு நிற்கவில்லை. மற்றவர்களை அனுப்பிவிடத் தீர்மானமும் தயார்!

அனுப்ப விடுவோமா?

ஓம் அண்ணன், “விடமாட்டம்” என்ற உங்கள் குரல் கேட்கிறது. பொறுங்கள். முதலில் யோசேப்பு அண்ணனின் கதையைக் கேளுங்கள். அவர் மனைவி திரேசம்மா அக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

நாம் ஆறு என்று சொல்லும் வாவியில் வலை வீசி வாழ்ந்தவர் யோசேப்பு அண்ணன். தொண்டையில் புற்றுநோய். குழாய்வழியே ஆகாரம். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் எவரோடும் பேசவில்லை. ஒரு காலை வைத்தியர் இர்ஷானா குனிந்து கேட்டார்: “என்ன வேணும் அண்ணன்?”

கரகரத்த குரல் சொன்னது: “நண்டுக் குழம்பு. எங்கட ஆத்து நண்டு.”

“குடுப்பமே” என்றார் இர்ஷானா. விழுங்கல் சிகிச்சை செய்யும் நிலானி வெடித்தாள்: “புரைக்கேறினா மூச்சு நிண்டிரும் டொக்டர்! அப்பிடித் துடிச்சு ஒராள் போனத நான் பாத்திருக்கன். ஓமெண்டு சொல்லமாட்டன்!”

ஒருவர் பக்கம் இரக்கம். ஒருவர் பக்கம் எச்சரிக்கை. எது தவறு? இரண்டும் அன்புதானே! அந்தச் சண்டைக்கு நடுவே சமூக சேவை உத்தியோகத்தர் ரதீஸ் மெல்லக் கேட்டார்: “அக்காட்ட ஆரும் கேட்டிங்களா?”

எவரும் கேட்கவில்லை. அவர் போய்க் கேட்டார். அக்கா நடுங்கிப்போனார்: “நான் ஆக்கிக் குடுத்து அவருக்கு ஒண்டு நடந்தா, மறுகா நான் எப்பிடித் தம்பி உயிரோட இருக்கிற?”

அதன்பின்தான் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தோம். வலியையும் ஊறும் உமிழ்நீரையும் மருந்தால் அடக்கினார் வைத்தியர். வாய்ப்புண்ணைக் கழுவிக் கழுவி ஆற்றினேன் நான். சாயாமல் உட்காரப் பழக்கினான் இயன்மருத்துவன் யதுர்ஷன். ஆபத்தை அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒளிக்காமல் சொன்னார் ரதீஸ். நிலானி வழி கண்டாள்: விழுங்க வேண்டாம்; வடித்த குழம்பில் ஒரு துளி, நாவில் மட்டும். அதற்கு அக்காவும் சம்மதித்தார்.

எங்கள் குசினியில் அக்கா நண்டு சமைத்தார். யதுர்ஷன் முதுகைத் தாங்க, நிலானி அவர் தொண்டையில் விரல் வைத்துக் கவனித்திருக்க, பஞ்சில் தோய்த்த அந்தத் துளியை அக்காவே கணவனின் நாவில் வைத்தார். அண்ணன் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்து சொன்னார்: “உப்புக் குறைவு.”

சிரிக்கிறீர்கள்! நாங்களும் சிரித்தோம். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்: “கலியாணம் கட்டின நாளிலயிருந்து இந்த மனிசன் சொல்றது இதத்தான்!”

அன்றிலிருந்து அண்ணன் பேசினார். மனைவியோடு பேசினார், பிள்ளைகளோடு பேசினார், பிணங்கியிருந்த தம்பியையும் அழைத்துப் பேசினார். அடுத்த வாரம், வலியின்றி, அக்காவின் கையைப் பிடித்தபடியே கண்மூடினார்.

தீர்மானம் கொண்டுவந்தவர்களே, இதையா வீண் என்கிறீர்கள்? ஒரு மனிதன் தன் மனைவியின் சமையலில் குறை சொல்லிச் சிரிப்பது ஆடம்பரமா? நிலானியை அனுப்பியிருந்தால் எங்கள் இரக்கமே அவர் மூச்சை நிறுத்தியிருக்கும். ரதீஸை அனுப்பியிருந்தால் அக்கா ஆயுள் முழுதும் தன்னை நொந்தே இருந்திருப்பார். யதுர்ஷனை அனுப்பியிருந்தால் அண்ணன் நிமிர்ந்தே இருந்திருக்கமாட்டார். எந்தக் கையை வெட்டப்போகிறீர்கள்? சாவைத் தடுக்க எங்களால் முடியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு மனிதனைச் சாகுமுன்னே சாகடிக்க விடமாட்டோம்! விடமாட்டோம்! ஒருபோதும் விடமாட்டோம்!

திங்கட்கிழமை அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. இல்லத்து வாசலில் நாங்கள் நிற்போம். எங்களோடு யார் வருகிறீர்கள்?

என்ன திரேசம்மா அக்கா, எழும்பிவிட்டீர்கள்? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

“நான் வாறன் புள்ள. முன்னுக்கே நிக்கிறன். கை தூக்கப்போறவங்க என்னத் தாண்டி உள்ள போகட்டும் பாப்பம்!”

கேட்டீர்களா உறவுகளே? இதற்குமேல் என் சொல் எதற்கு? வெயிலிலும் வியர்வையிலும் செவிதந்த சபைக்கு நன்றி. எழுந்து நிற்கும் அக்காவுக்கும், அவர் பின்னால் எழுகின்ற ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்!