குழந்தைகள் ஆஸ்பத்திரி

இல்லம்மா, தொலையல. தொலைஞ்சுபோச்சுன்னு நான் எப்ப சொன்னேன்? உக்காருங்க தோன்யா எர்மெலிந்தா. அதுல இல்ல, அது ஆடும், இதுல உக்காருங்க. பூசை பன்னெண்டுக்குத்தானே? மணி இப்ப பதினொண்ணேகால்தான். உங்க வீட்டுக் குழந்தை யேசு சொரூபத்த ஜனவரி எட்டாந்தேதி குடுத்தீங்க. வலது கையில ரெண்டு விரல் ஒட்டணும், கன்னத்துக்குச் சாயம் வெக்கணும், புது வெள்ளைச் சட்டை வேணும்னீங்க. விரல் ஒட்டியாச்சு. கன்னமும் ஆச்சு. சட்டைய என் பொண்டாட்டி ஒதிலியா தெச்சு முடிச்சிட்டா. இருங்க, சொல்றேன். ஆள் வரலையே வரலையேன்னு பத்து மாசம் ஏங்கினவன் நான். வந்த ஆள உடனே அனுப்ப மனசு வருமா?

சிரிங்க, பரவால்ல. இந்தத் தெருவே சிரிச்சுது.

இருபத்தொம்பது வருஷம் பத்திரிகையில பிழை திருத்தினவன்மா நான். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிச்சே சோறு தின்னேன். ஒருநாள் பத்திரிகைய மூடினாங்க. மூடற அறிவிப்புல மூணு பிழை, அதையும் நான்தான் திருத்திக் குடுத்தேன். ரொட்டிக்கடை போடுவோம், மனுஷனுக்கு தினம் பசிக்கும்னா ஒதிலியா. நான் கேக்கல. நம்ம புவெப்லா ஊர்ல வீட்டுக்கு வீடு குழந்தை யேசு இருக்கு, கைதவறி விழாத குழந்தை எங்க இருக்கு, இதவிட நிச்சயமான தொழில் உண்டான்னேன். சிற்பம் பத்தி, சாயம் பத்தி, கண்ணாடிக் கண்ணு பத்தி புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். அடிக்குறிப்பு முதக்கொண்டு படிச்சேன்.

கடையத் தொறந்தது எப்பங்கறீங்க? மார்ச் மாசம்.

பாத்தீங்களா, நீங்களே தலையில கை வெக்கறீங்க. திருநாள் முடிஞ்சு ஒரு மாசம்! ஊர்ல இருக்கற எல்லாக் குழந்தையும் புதுச்சட்டை போட்டு, பூசை பாத்து, வீட்டுக்குப் போய் அலமாரியில உக்காந்தாச்சு. இனி அடுத்த ஜனவரிக்குத்தான் கீழ எறங்கும். வாடகை மலிவா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் மலிவுன்னு கேக்கத் தோணல. பொறந்ததுலேர்ந்து வருஷம் தவறாம பிப்ரவரி ரெண்டாந்தேதி திருநாளுக்குத் தமாலேக் கொழுக்கட்டை தின்னுட்டு வர்றவன் பண்ற தப்பா இது?

ஏப்ரல்ல ஒரு அந்தோணியார் தலை வந்துது. ஜூன்ல துணிக்கடைக்காரர் அவர் பொம்மையோட மூக்கக் கொண்டுவந்தார். பொம்மைய இல்ல, மூக்க மட்டும். போர்டு பாத்தீங்கல்ல, குழந்தைகள் ஆஸ்பத்திரி. இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, கூடவே ஒரு பொம்மைப் படமும் வரைவாங்க. எழுத்து சரியா இருந்தா படம் எதுக்குன்னு நான் விட்டுட்டேன். ஆகஸ்ட்ல ஒரு பொண்ணு காய்ச்சலடிக்கற நெஜப் புள்ளையத் தூக்கிட்டு ஓடிவந்துட்டா. சாய டப்பாவோட நிக்கற என்னப் பாத்து, என்ன டாக்டர்யா நீன்னு ஒரு பாட்டு விட்டா. அந்த மாசம் கடைக்குள்ள வந்த ஒரே ஆள் அவதான்.

நோயாளி இல்லேன்னாலும் டாக்டர் நல்லாத் தூங்கறார்னு ஒதிலியா மொதல்ல கிண்டல் பண்ணா. செப்டம்பர்லேர்ந்து அதுவும் இல்ல. பள்ளிக்கூடச் சீருடை தெச்சு சோறு போட்டா, வாயத் தொறக்கல. திட்டியிருந்தா எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேசாதவகிட்ட என்னத்தத் திருத்தறது?

அப்புறம் ஜனவரி. ஆறாந்தேதி கதவத் தொறந்தா வாசல்லேர்ந்து மருந்துக்கடை வரைக்கும் வரிசை. அவனைக் குப்புறப் போடாதீங்க, அவனுக்குக் குளிரும், போர்த்திவிடுங்கன்னு ஆளுக்கு ஒரு உத்தரவு. ஒருத்தர் கால்பந்து கோல்கீப்பர் உடுப்பு கேட்டார். அது வேதத்துக்கே அடுக்காதுய்யான்னு அரை மணி நேரம் வெளக்கினேன். நேரா முக்குக் கடைக்குப் போயிட்டார். அடுத்து கோல்கீப்பர் கேட்டவர்கிட்ட கையுறையும் வேணுமான்னு மட்டும் கேட்டேன். தொழில் கத்துக்கிட்டேன்ல?

நியேவெஸும் அந்த வாரம்தான் வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல கஞ்சி விக்கறாங்களே, அவங்கதான். உங்களுக்குத் தெரியும். அவங்க பையன் சவூல் வடக்க, எல்லை தாண்டி வேலைக்குன்னு லாரி ஏறினது மூணு வருஷத்துக்கு முன்னால. அதுக்கப்புறம் ஒரு போன் கூட இல்ல. அவங்க குழந்தை யேசுவுக்கு இருக்கற முடி அந்தப் பையனுக்கு மொத மொத வெட்டின முடி. வலது கால் சுண்டுவிரல் இல்ல. சின்ன வயசுல அவன் போட்டு ஒடைச்சது. அத மட்டும் ஒட்டிறாதீங்க, தெனம் அதத்தான் தடவிப் பாப்பேன்னாங்க.

ஆமா, உங்களுதும் அதே அளவுதான். அதே பழுப்புக் கண்ணு. ஒரே பட்டறையில செஞ்சிருப்பாங்க. பக்கத்துல பக்கத்துலதான் வெச்சிருந்தேன்.

முந்தாநேத்து நியேவெஸோடத மேஜைமேல வெச்சு முடிய வாரிட்டு இருந்தேன். ஒருத்தர் வந்து, அவர் பேரையே தப்பா எழுதி சீட்ட நீட்டினார். பொறுக்க முடியல. ஐயா, உங்க பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு பேனாவ எடுக்கத் திரும்பினேன், முழங்கை பட்டுது. அதோ, அந்தச் செருப்பு டப்பாதான். தொறக்க வேண்டாம், பொடியாத்தான் இருக்கு. முடி மட்டும் தப்பிச்சுது. முடி உடையாதில்ல.

என்ன செய்வேன் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். உங்களுக்கு மூணு பசங்க, ஞாயித்துக்கெழமையானா மூணு பேரும் வந்து சாப்பிடறாங்க. தெரியும்மா, உங்க அம்மா குடுத்தது, அறுபத்திரெண்டு வருஷம். அதயும் எழுதித்தான் வெச்சிருக்கேன். நியேவெஸ்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உங்ககிட்ட வருது, அவ்வளவுதான். பெரிய நியாயம்னு நான் சொல்லல. காலையில எட்டு மணிக்கு வந்தாங்க, கால எடுத்துத் தடவிப் பாத்தாங்க, கும்பிட்டுட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஆமா, உங்க குழந்தையோட சுண்டுவிரல நான்தான் ஒடைச்சேன். சின்ன உளி வெச்சு, ஒரே தட்டு. விரல் இந்தாங்க, பஞ்சுல சுத்தி வெச்சிருக்கேன்.

ஒதிலியா முன்னாலயே கோயிலுக்குப் போயிட்டா. நீ சொல்றத என் காதால கேக்கமாட்டேன்னுட்டா. அஞ்சு மாசத்துல அவ என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான். நாளைக்குக் கடைச் சாவியத் திருப்பிக் குடுத்துடறேன். அது உங்களுக்கு எந்த விதத்துல ஆறுதல், ஒண்ணுமில்ல.

எந்திரிச்சிட்டீங்களா? நியேவெஸ் கோயில்ல மூணாவது வரிசையில, எடது பக்கம் இருப்பாங்க. பொருள் உங்களுது. கேட்டு வாங்கினாலும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன், வேணும்னா வந்து சாட்சி சொல்றேன். சும்மா பாத்துட்டு வந்தாலும்... சரி, அதையும் நான் சொல்லக்கூடாது.

அம்மா, ஒரு நிமிஷம். வாங்கறதா இருந்தா தலையப் புடிச்சுத் தூக்காதீங்க. முடி நேத்து ராத்திரி ஒட்டினது, பசை இன்னும் காயல.