பத்தடி அக்கா போடாத சாக்கட்டிக் கோடு

நெடிய அலமாரிகளை நிமிர்த்திய நெஞ்சுரமே! பலகை பார்ப்பதில் பழுதறியாப் பார்வையே! எங்கள் பட்டறையே வாய்நிறைய அழைக்கும் பத்தடி அக்காவே! வணக்கம்.

இருபத்தேழு ஆண்டுகள் எங்களுக்குப் பலகை தேர்ந்து தந்த தங்களை இந்த விடைபெறும் விழாவில் வாழ்த்த வந்தோம்.

எட்டடி ப்ளைவுட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பத்தடி அலமாரிக்கு எட்டடியோடு இரண்டடியை ஒட்டி, மேலே மெல்லிய மரத்தோல் போர்த்தி ஒப்பேற்றுவது பல பட்டறைகளில் வழக்கம். தாங்களோ, "உசரமா நிக்கப்போறது ஒரே துண்டா நிக்கணும்பா" என்று, கெட்டி மரத்தில் முழுப் பத்தடி வரும்வரை மூன்று வாரமானாலும் காத்திருப்பீர்கள். வந்த பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் வளைவு பார்த்து, விரல் முட்டியால் தட்டி, உள்ளே பொள்ளலான சத்தம் கேட்டால், வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொள்ள, அப்படியே திருப்பி அனுப்பிய தீரமே! தேறிய பலகையில் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பீர்கள். அதைக் கண்ட பிறகே எங்கள் ரம்பம் ஓடும். லிஃப்டில் நுழையாத பலகைகளை ஆறு மாடி சுமந்த நாட்களில் தங்களைத் திட்டியும் இருக்கிறோம், அக்கா.

இதற்குமேல் புகழ எங்களுக்கு யோக்கியதை இல்லை. முதலாளி அவர்களும் முன்வரிசையில் இருப்பதால் சொல்லிவிடுகிறோம்.

மாமாவின் அறுவைச் சிகிச்சைக்காகத் தாங்கள் மருத்துவமனையே கதியென்று கிடந்த வாரம், நூலக அலமாரிக்குக் கெடு நெருங்கியது. பத்தடிப் பலகை வரவில்லை. எட்டோடு இரண்டை ஒட்டினோம். தங்கள் கோட்டையும் நாங்களே இழுத்தோம். நான்கே மாதத்தில் ஒட்டு விட்டு, மேல்தட்டு சரிந்து, நூலகப் பணியாளர் ஒருவரின் தோள் முறிந்தது.

விசாரணையில் அந்தப் பலகையைத் தங்கள் முன் கிடத்தினார்கள். இடக்கைக்காரரான தங்கள் கோடு எப்போதும் இடப்பக்கம் சாயும். இது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்தீர்கள். எங்களையும் ஒருமுறை பார்த்தீர்கள். "லீவுக்கு முன்னாடி நான்தான் ஒட்டச் சொன்னேன். கோடும் என்னோடதுதான்" என்றீர்கள். வெளியே வந்து காலில் விழப்போன எங்களிடம், "நாலு வீட்டுல அடுப்பு எரியணும்ல, போய் வேலையைப் பாருங்க" என்றீர்கள். நாங்களும் போய் வேலையைப் பார்த்தோம். வெட்கங்கெட்டவர்கள்.

இன்னும் இரண்டாண்டுப் பணி மீதமிருக்க, ஓய்வு என்ற பெயரில் இன்று தங்களை வெளியே அனுப்புகிறார்கள்.

அக்கா! மாமாவோடு நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! இம்மடலைச் சட்டமிட்டு வாசலுக்கு நேரே மாட்டுங்கள். தங்களைக் குறை சொல்லிக்கொண்டு வருபவர் எவரும் முதலில் இதைப் படிக்கட்டும்.

முதலாளி அவர்களே! எங்கள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

இங்ஙனம்,
ஒட்டியவர் இருவர், கோடு இழுத்தவர் ஒருவர், பார்த்துக்கொண்டு நின்றவர் ஒருவர்,
வெட்டுப் பிரிவு.