ஆறாவது ஸ்க்ரீன்

ஒரு விடுகதை போடறேன், சொல்லுங்கண்ணே. உள்ளங்கையில அடங்குற வீடு, ஒரே ஒரு ஜன்னல், கதவே கிடையாது. உள்ள ஒருத்தன் ஓடிக்கிட்டே இருப்பான், வெளிய வரவே மாட்டான். அது என்ன?

போனா? செல்போன் ரிப்பேர் பண்றவர் நீங்க, வேற என்ன சொல்வீங்க. இதோ, இதுதான். கையில எடுங்க, உடையாது. வீடியோ கேம். அந்தக் காலத்துல கடையில நின்னுக்கிட்டே காசு போட்டு ஆடுவாங்களே, ஆள் உயரப் பெட்டி, அதேதான். சோப்புப் பெட்டி அளவுல பண்ணியிருக்கேன். பலகை பழைய அலமாரிக் கதவு. உள்ள ஓடுற கேமும் நான் எழுதினதுதான். இது நாலாவது. மத்த மூணும் எனக்கு. இது அப்பா பிறந்தநாளுக்குக் குடுத்தது.

தாவுற பட்டன் ஒட்டிக்குது. அழுத்தினா மேல வர மாட்டேங்குது, அதை மட்டும் மாத்திக் குடுங்க. சோல்டரிங் அயன் வீட்லயும் இருக்கு. இந்தப் பதினாறு வயசுக்குள்ள எவ்வளவோ பத்த வச்சிருக்கேன், இதுல மட்டும் முடியல. பக்கத்து ஒயரைச் சுட்டுட்டேன்.

பண்ணத் தெரியாம இல்ல. பயம்.

சிரிக்காதீங்கண்ணே. இதுல ஆறு ஸ்க்ரீன், ஒண்ணைத் தாண்டினாதான் அடுத்தது வரும். ஆறாவதுல அப்பாவுக்கு ஒரு விஷயம் எழுதி வச்சிருக்கேன். நேர்ல சொல்ல ஒரு வருஷமா முயற்சி பண்றேன். எதிர்ல போய் நின்னா, சாப்பிட்டீங்களாப்பான்னுதான் கேக்க வருது. அதான் கேம்ல வச்சேன். சின்ன வயசுல தெருக் கடையில இந்த ஆட்டத்துல தன்னை ஜெயிக்க ஆளே இல்லைன்னு அப்பா அடிக்கடி அளப்பாரு. அதை நம்பிக் கஷ்டமா பண்ணிட்டேன், மூணு தடவை விழுந்தா திரும்ப முதல்லேர்ந்து ஆடணும். ஒரே சாயங்காலத்துல முடிச்சிடுவாரு, பல்லைப் பிடுங்கின மாதிரி எனக்கும் ஒரேயடியா முடிஞ்சிடும்னு நினைச்சேன்.

பதினோரு நாள் ஆச்சு. வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்துடறாரு. கண்ணாடி நெத்தி மேல, நாக்கு பல்லுக்கு நடுவுல. பெத்தது ஒண்ணுன்னு நினைச்சேன், ரெண்டா இருக்கேன்னு அம்மா கிண்டல் பண்றாங்க. நான் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு நிக்கறேன். தோத்துட்டாருன்னா அப்பாடான்னு இருக்கு. அடுத்த நிமிஷமே அழுகையா வருது. நேத்து அஞ்சாவது ஸ்க்ரீன்ல கடைசிப் பள்ளம் வரைக்கும் வந்துட்டாரு. பட்டன் ஒட்டிக்கிச்சு, விழுந்துட்டாரு. டேய் இன்ஜினியர், உன் மிஷின் சரியில்லடா, போய் ரிப்பேர் பண்ணிட்டு வான்னு விரட்டிட்டாரு.

என்ன எழுதினேன்னா... நீங்க கீழ பார்த்து வேலையைப் பாருங்க, சொல்றேன். ஒரு சின்ன வீடு வரும். வாசல்ல கண்ணாடி போட்ட பையன் நிப்பான், அது நான். அப்பா, எனக்குப் பொண்ணுங்களைப் பிடிக்கறதில்ல, பசங்களைத்தான் பிடிக்குது. உள்ள வரலாமா. அவ்வளவுதான் எழுத்து. பட்டனை அழுத்தினா கதவு திறக்கும். அழுத்தலைன்னா அவன் அங்கேயே நிப்பான்.

ஏண்ணே நிறுத்திட்டீங்க?

ம். வாய் விட்டுச் சொல்றது இதான் முதல் தடவை. உங்க முகத்தையே இப்ப என்னால பார்க்க முடியல. பட்டனைப் பாருங்க, ப்ளீஸ்.

என்ன பண்ணுவாருன்னு தெரியல. அடிக்கிற ஆள் இல்ல. ஒரு தடவை டிவில ரெண்டு ஆம்பளைங்க கையைக் கோத்துக்கிட்டு நடந்து வந்தாங்க. அப்பா சேனலை மாத்திட்டாரு. திட்டியிருந்தாக்கூட மனசுல இன்னது இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

ஆச்சா? குடுங்க. ம், நல்லா தாவுது. லேப்டாப்பை இங்க வச்சிக்கட்டுமா, ஒரு கேபிள் மாட்டணும். ஆமா, இதை மாட்டினா உள்ள எதை வேணா மாத்தலாம். ஆறாவது ஸ்க்ரீனை எடுத்துட்டு, ஜெயிச்சிட்டீங்கப்பான்னு மட்டும் போட்டுடலாம். ரெண்டு நிமிஷ வேலை. வர்ற வழியெல்லாம் அதையேதான் நினைச்சிட்டு வந்தேன்.

இருங்க, அப்பா போன். சொல்லுங்கப்பா. வீட்டுக்கு வந்துட்டீங்களா, இவ்வளவு சீக்கிரமாவா? ஆங், ரிப்பேர் ஆயிடுச்சுப்பா. இதோ வரேன்.

ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்துட்டாராம், இதை ஆடறதுக்கு.

ஒரு நிமிஷம் பேசாதீங்கண்ணே, டைப் பண்ணிக்கறேன்.

முடிஞ்சது. கேபிளைக் கழட்டிட்டேன்.

இல்லண்ணே, அழிக்கல. ஆறாவது அப்படியே இருக்கு. ஆட்டத்துக்கு மூணு உயிர் குடுத்திருந்தேன். ஒம்பதாக்கிட்டேன்.