சாரட்டுக் கூடம் வரை

— மறுபடியும் தனி டிக்கெட்டுதானா?

— ஆமாக்கா. ஒண்ணு.

— தப்பா நினைக்காதீங்கம்மா. இது அஞ்சாவது செவ்வாய்க்கிழமை. டிக்கெட் கிழிக்கிற எனக்கே இந்த அரண்மனையில பாதி ரூம் தெரியாது. நீங்க தவறாம வந்து நிக்கிறீங்க. அப்படி என்னதான் இருக்கு உள்ள?

— செவ்வாய் எங்க கடைக்கு லீவு. அதான்.

— என்ன கடை?

— மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸ் தேய்க்கிற வேலை.

— ஓ, கண் டாக்டரா?

— இல்லக்கா. டாக்டர் சீட்டுல எழுதுறதைத் தேய்ச்சு ஃப்ரேம்ல உக்கார வைக்கிறவ.

— அது இல்லேன்னா டாக்டர் எழுதி என்ன பிரயோஜனம். சரி, நான் சொல்றேன் கேளுங்க. இன்னைக்குக் கைடோட போற டிக்கெட் எடுத்துடுங்க. தனியா சுத்துறதும் நல்லதுதான், இல்லேங்கல. காலைல நுழைஞ்சா கேட் சாத்துற வரைக்கும் உங்க இஷ்டம். பிடிச்ச ஜன்னல்கிட்ட அரை மணி நேரம் நிக்கலாம், தோட்டத்துல உக்காந்து கட்டிக்கிட்டு வந்ததைச் சாப்பிடலாம், ‘நகருங்க நகருங்க’ன்னு யாரும் விரட்ட மாட்டாங்க. கைடோட போனா ரெண்டு மணி நேரம் ஓட்டம்தான். ஆனா பாருங்க, தனியா போறவங்க தனியா போகணும். நீங்க போறதில்லையே.

— நான் எப்படிப் போறேன்?

— மூணரை மணி குரூப்புக்குப் பின்னால பத்தடி தள்ளிப் போறீங்க. அவங்க நின்னா நீங்களும் நிக்கிறீங்க, என்னமோ சுவத்துல இருக்கிற படத்தைப் பாக்குற மாதிரி. வாட்ச்மேன் வந்து சொல்லிச் சிரிச்சுட்டுப் போனார், ‘ஓசியில கதை கேக்குற அம்மா இன்னைக்கும் வந்தாச்சு’ன்னு.

— அது தப்பாக்கா?

— மத்த கைடுங்களா இருந்தா முகத்துக்கு நேரா கேட்டுடுவாங்க. நம்ம மூணரை மணி கைடு, பெரியவர், அப்படி இல்ல. பின்னால யாராவது ஒட்டிக்கிட்டு வந்தா குரலை இன்னும் கொஞ்சம் ஏத்திக்குவார். ஏன் சார் இப்படின்னு ஒரு நாள் கேட்டேன். கதை காதுக்குத்தானே, டிக்கெட்டுக்கா கதைன்னார். இருங்க, இவர் எதுக்கோ நிக்கிறார். என்ன சார்? கழிப்பறை அந்தப் பக்கம், தோட்டத்தைத் தாண்டி. ம், போங்க. நாள் பூரா இதுதான் எனக்கு. ராஜா எங்க தூங்கினார்னு ஒருத்தர் கேக்குறதில்ல. என்ன சொல்லிட்டிருந்தேன்?

— குரலை ஏத்திக்குவார்னு.

— ஆங். ஆனா பாருங்க, ஓசியில முக்கால் கதைதான் கிடைக்கும். கடைசி இடம் சாரட்டுக் கூடம். ராணி ஏறிப் போன குதிரை வண்டியெல்லாம் நிக்குது. அதுக்குச் சாவி கைடுகிட்ட மட்டும்தான். தரை பழசு, இருபது பேருக்கு மேல தாங்காது. அதனால வாசல்ல நின்னு, லிஸ்ட்ல இருக்கிற பேரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, ஒவ்வொருத்தரா உள்ள விடுவார். உங்களை மாதிரி பின்னால வர்றவங்களுக்கு மூக்குக்கு முன்னாடி கதவு சாத்திடும்.

— சாத்துச்சு. நாலு தடவை.

— அப்புறம் என்ன பண்ணுவீங்க?

— கதவுகிட்டயே நிப்பேன். கொஞ்ச நேரத்துல எல்லாரும் சிரிக்கிறது கேக்கும். எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு கேக்காது.

— அட, அந்தக் கதைதான் இந்த அரண்மனைக்கே உசிரு. சொல்லிடலாம். சொன்னா நீங்க டிக்கெட் எடுக்க மாட்டீங்க.

— எடுக்குறேன். சொல்லுங்க.

— அது ராஜா கதை இல்ல. பெரியவரோட சொந்தக் கதை. அவர் மகளுக்கு ஏழு வயசாம். பள்ளிக்கூடம் லீவுன்னு ஒரு நாள் கூடவே கூட்டிட்டு வந்திருக்கார். குரூப்பைச் சுத்திக் காட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா பாப்பாவைக் காணோம். அவ்வளவுதான், கேட்டை மூடியாச்சு. காவலாளுங்க, தோட்டக்காரங்க, வந்த ஜனம் எல்லாரும் தேடறாங்க. குளத்துல கம்பு விட்டுப் பார்த்தாங்களாம். கடைசில இவருக்கு என்னமோ தோணி, சாரட்டுக் கதவைத் திறந்தா, ராணி உக்காந்த சிவப்பு வெல்வெட் மெத்தை மேல சுருண்டு படுத்துத் தூங்குறா. அந்த மெத்தையை அதிகாரிகூடத் தொடக்கூடாது. இவர் கயித்தைத் தாண்டிப் போய், அவளை அப்படியே தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்தே போயிட்டாராம். மறுநாள் மெமோ. ‘இந்த அரண்மனையில ராணிக்கு அப்புறம் அந்த வண்டியில ஏறினது என் மகள் ஒருத்திதான், அதுக்கு அத்தாட்சி அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு’ன்னு சொல்வார். அங்கதான் சிரிப்பாங்க.

— அதோட முடிஞ்சுடுமா?

— இல்ல, அப்புறம்தான் உருக்கம். அந்தப் பாப்பா இப்போ வெளிநாட்டுல டாக்டர். எவ்வளவு வேலை இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவுக்கு போன் பண்ணிடுவாளாம். ‘சாரட்டு எப்படிப்பா இருக்கு’ன்னு முதல்ல அதைத்தான் கேப்பாளாம். பொம்பளைங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டுத்தான் வெளிய வருவாங்க. என் பையன் பக்கத்துத் தெருவுல இருக்கான், மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்குறான். அந்த டாக்டர் பொண்ணு காலைத் தொட்டுக் கும்பிடுடான்னு அவனைத் திட்டிக்கிட்டே இருக்கேன்.

— மகள் பேரைச் சொல்வாரா?

— பேரா? பாப்பான்னுதான் சொல்வார். கேக்கத் தோணினதில்ல.

— அவங்க அம்மாவைப் பத்தி?

— சம்சாரம் தவறி ரொம்ப வருஷம் ஆச்சாம். ஒத்தை ஆள். அதைப் பத்தி அதிகம் பேச மாட்டார்.

— போன வருஷம்தான்.

— என்னம்மா சொன்னீங்க?

— ஒண்ணுமில்லக்கா. கைடோட போற டிக்கெட்டே குடுங்க.

— அப்படிச் சொல்லுங்க. இன்னைக்குப் பத்தொம்பது பேர் சேர்ந்தாச்சு, நீங்க இருபது. அடையாள அட்டை காட்டுங்க, லிஸ்ட்ல பேர் எழுதணும். நல்ல பேரா இருக்கே உங்களுக்கு. அப்பா பேரு... ஏம்மா, இது நம்ம கைடு பேராச்சே...

— அவரேதான்.

— இதே பேர்ல வேற யாராவதும் இருப்பாங்க இல்ல.

— இருப்பாங்க. சாரட்டுல ஏறினது ஒரு பொண்ணுதான்.

— அப்போ டாக்டர்...

— லென்ஸ் தேய்க்கிறவ.

— ஞாயித்துக்கிழமை போன்...

— எங்க வீட்டு நம்பர் அவருக்குத் தெரியாதுக்கா. எங்க ஊரே தெரியாது.

— கொஞ்சம் இருங்க. பின்னால நிக்கிற சார், பக்கத்து கௌன்ட்டருக்குப் போங்க, இங்க மிஷின் ரிப்பேர். கண்ணு, என்ன நடந்துச்சு?

— எனக்கு எட்டு வயசு. ஒரு விடியக்காலை பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார். ஏன்னு கேட்டா அம்மா வாரத்துக்கு ஒரு காரணம் சொல்வாங்க. பத்தே நாள்ல என்னை மாமா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் இருக்கிற திசையில தலைவைக்க மாட்டேன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாங்க. அவங்க இருந்த வரைக்கும் வைக்கல. இப்போ இந்த ஊர்க் கடையில வேலை இருக்குன்னு சொன்னதும் முதல் ஆளா வந்து சேர்ந்தேன்.

— சண்டை போடவா வந்தீங்க?

— இல்லக்கா. அவருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதைச் சொல்லணும். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. இருபத்தஞ்சு வருஷமா தினமும் ஒரு தடவையாவது மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டேன், சரியா ஒரு நிமிஷம்தான்.

— அப்போ கேன்டீன்ல உக்காருங்க. நான் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்.

— மகள் வந்திருக்கான்னு சொல்லி, அவர் வரலேன்னா? அதுக்கப்புறம் நான் எங்க போவேன்? லிஸ்ட்ல பேர் இருந்தா அவர் கூப்பிட்டுத்தானே ஆகணும். வேலை அது. அவர் வாயால ஒரு தடவை என் பேரைச் சொல்லிட்டா, மிச்சத்தை நான் பாத்துக்குவேன்.

— கண்ணு, உங்களுக்கு அவர் என்ன பண்ணினாரோ, அதுல நான் வாய் வைக்கல. ஆனா இங்க அவருக்குன்னு இருக்கிறது அந்தக் கதை ஒண்ணுதான். இருபது பேர் முன்னாடி அதை உடைச்சுடாதீங்க.

— அவரை அவமானப்படுத்தணும்னா முதல் வாரமே கைடு டிக்கெட் எடுத்திருப்பேன். அது வேண்டாம்னுதானே நாலு வாரம் கதவுக்கு வெளிய நின்னேன்?

— சரி. கடைசில எழுதுறேன், இருபதாவது. எல்லாரும் உள்ள போனப்புறம்தான் உங்க பேர் வரும். நல்லாத் தெரியட்டும்னு பெருசா எழுதுறேன். போயிட்டு இங்கயே வாங்க. நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க.

*

— கண்ணு, இப்படி வாங்க. உள்ள வாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. நான் கௌன்ட்டரை மூடிட்டேன். கூப்பிட்டாரா?

— பத்தொம்பது பேரைக் கூப்பிட்டார்.

— நான் எழுதினேனே, கொட்டை எழுத்துல.

— எழுதியிருந்தது. அவர் கட்டைவிரல் அது மேலதான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு அப்படியே எங்க அம்மா முகம். பேரைக் கூப்பிடல. ஆனா கதவைச் சாத்தல அக்கா. கதவைப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். அவர் கைக்குக் கீழ குனிஞ்சு நான் உள்ள போனேன்.

— கதை சொன்னாரா? ஒரு அம்மா வந்து என்கிட்டக் குறை சொல்லிட்டுப் போனாங்க, கைடுக்கு உடம்பு சரியில்ல போல, கதையைப் பாதியில விட்டுட்டார்னு.

— பாதியில விடல. முடிவை மாத்திட்டார்.

— எப்படி?

— முதல்ல நீங்க சொன்ன மாதிரியேதான். லீவு நாள், காணாமப் போனது, குளத்துல கம்பு விட்டது. வண்டிக் கதவைத் திறந்தா மெத்தை மேல பாப்பா தூங்குறா. எல்லாரும் சிரிக்கிறதுக்குத் தயாரா நிக்கிறாங்க. அவர் அந்தக் கயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். ‘நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரல. எழுப்பினா அழுவா, அழுதா என்னால போக முடியாது. அதனால செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் போடாம போயிட்டேன்’னார்.

— தூக்கிட்டுப் போனேன்னுதானே சொல்வார்.

— குரூப்புல ஒருத்தர் கேட்டார், அப்போ குழந்தையை விட்டுட்டா போனீங்கன்னு. ஆமான்னார். நான் போனது அவளுக்குத் தெரியவே தெரியாது, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்னார். வெளிய போற வழி வலது பக்கம்னார். அவ்வளவுதான்.

— டாக்டர், போன், எதுவும்?

— சொல்லல.

— கண்ணு, அவர் மன்னிப்புக் கேட்டிருக்கார். நேருக்கு நேர் கேக்க வரல மனுஷனுக்கு. இருபது பேரை நடுவுல நிக்க வெச்சுக் கேட்டிருக்கார்.

— தெரியும்க்கா.

— நீங்க சொல்ல வந்ததைச் சொன்னீங்களா?

— இல்ல.

— ஏன்? அவர் இன்னும் சாவி குடுக்க வரல. அங்கதான் இருப்பார், அந்த வண்டிகிட்ட. எழுந்திரிங்க, நான் கூட வர்றேன். இத்தனை வருஷம் சொல்லிப் பார்த்ததை ஒரு நிமிஷம் சொல்லிட்டு வந்துடுங்க.

— இனிமே சொல்ல முடியாது. அவர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதே அது ஒண்ணைத்தான், நான் தூங்கிட்டிருந்தேன்னு. அதை எப்படிக்கா நான் பிடுங்குறது?

— எனக்குப் புரியல.

— நான் தூங்கல. வண்டியிலயும் தூங்கல. எல்லாரும் தேடுற சத்தம் கேட்டுச்சு, தூங்குற மாதிரி இருந்தா அப்பா தூக்கிட்டுப் போவார்னு கண்ணை மூடிக்கிட்டேன், தூக்கிட்டுப் போனார். அந்த விடியக்காலை பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டப்பவும், அவர் தூக்குறதுக்கு வாகா ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.